ஏட்டையா கண்ட மேற்பார்வையாளர்

இராமநாதபுரத்தில் நான் வேலைக்குப் போய்ச் சேரும்போது, எனக்கு முன்பே என் காற்சட்டையும் தொப்பியும் மூன்றாம் மாடியில் நின்றுகொண்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிறவர்கள் பகிடி என்று நினைக்க வேண்டாம். நம்மூரில் தோட்டத்துக்கு வெருளி கட்டுவோம், காகத்தை விரட்ட. இங்கே எழும்பும் கட்டடத்துக்குக் கட்டுகிறார்கள், மனிதரின் கண்ணூறுக்காக. கொத்தனார் முனியாண்டி என் பழைய உடுப்பைக் கேட்டு வாங்கி, வைக்கோல் திணித்து, சாரத்தில் கட்டிவிட்டார்.

"ஒங்க கால்சட்டைய மாட்டுனா எவன் கண்ணும் அண்டாதுய்யா" என்றார். அது புகழ்ச்சியா என்று இன்றுவரை தெரியாது.

அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு மிளகாய்க் கம்பெனிக்குத் தலைமைக் கந்தோர், இங்கத்தைய பேச்சில் ஆபீஸ், கட்டினோம். நான் மேற்பார்வையாளன். முதலாளிகள் மூவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். ஆகவே மூன்று வாசல், மூன்று படிக்கட்டு. எதில் ஏறினாலும் எனக்கு வழி தவறும். ஆனால் என் தலையிடி பெர்மிட்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கடல் தாண்டத் தாள் கேட்கிறார்கள். நான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்று பொலிஸ் எழுதித் தந்தால் தங்கலாம். இல்லையென்றால் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றி இலங்கைக்கே அனுப்பிவிடுவார்கள். மனைவி மண்டபம் ஊர்க்காரி, நிறைமாதம். கடல் தாண்டும் தாள் அவளிடம் இல்லை, என்னோடு வர முடியாது.

விசாரிக்கப் பொலிஸ் ஏட்டையா கட்டடத்துக்கு வந்த அன்று பார்த்து நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மறுநாள் பதறியடித்து ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"அந்தப் பெர்மிட்டுக்காரன் நான்தான் ஐயா."

"அவரத்தான் நேத்தே பாத்தாச்சே! மேல நின்னாரு. கூப்பிட்டேன், திரும்பல. வேலையில அம்புட்டு மும்முரம். எழுதி அனுப்பிட்டேன்." வேட்டியில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு தொப்பி போட்ட ஆளுல்ல?"

வாயைத் திறந்தால் பெர்மிட் போய்விடும். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பெர்மிட் வந்தது. மகளும் பிறந்தாள். திறப்புவிழாக் காலையில் பொம்மையை இறக்கி முச்சந்தியில் எரிக்கவேண்டும் என்றார் முனியாண்டி. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.

"கட்டி முடிஞ்ச பெறகு அதுக்கு இங்கன என்னய்யா சோலி?"

தீ வைத்தார். இந்த நாட்டில் இருக்கப் பெர்மிட் பெற்றவன் தொப்பியோடு எரிந்துகொண்டிருந்தான். பெர்மிட் இல்லாத நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.