பின்மதிலில் ஒரு வாசல்

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சூவாவின் நகரமன்றத்தில் என் வேலை, வெளிநாட்டு அலுவலகங்களின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது. குப்பை எடுக்க ஆள் வரவில்லையா, குழாயில் தண்ணீர் இல்லையா, புதிதாக வந்த அதிகாரியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் என் மேசைத் தொலைபேசிதான் அடிக்கும். “இந்த நகரத்தை உங்கள் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். ஒருவர் அப்படியே நினைத்துக்கொண்டார்.

நகரத்தின் சமபுலாப் பகுதியில் எங்கள் சந்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே இருந்த ஒரு சர்வதேச அலுவலகத்துக்குத் தலைவராக வந்தவர் அவர். அந்த அலுவலகத் தோட்டத்தின் ஓரமாக ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. என் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் கோவிலுக்கும் பஸ் பிடிக்க அவளுக்கு அதுதான் வழி. வந்தவர் முதல் வேலையாகப் பின்புறம் மதில் எழுப்பிப் பாதையை அடைத்தார்.

அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னோடு அவரைப் பார்க்க வந்தாள். அவர் தேநீர் கொடுத்தார். பாதையைத் திறந்துவிடும்படி அவள் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டார். பிறகு புன்னகையோடு, “கொஞ்சம் சுற்றி நடந்தால் உடம்புக்கு நல்லது” என்றார். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். சொன்ன நாக்கு இன்னும் கசக்கிறது.

“அந்த வெள்ளக்கார கோரா சொன்னத சரியாத்தான் சொன்னியா?” என்று வழியெல்லாம் கேட்டாள்.

மழைக்காலத்தில், குன்றைச் சுற்றிப் போகும் அந்தச் சுற்றுவழியில் வழுக்கி விழுந்தாள். கட்டுப்போட்ட காலோடு அவளைப் பார்த்த அன்று முடிவு செய்தேன், இவரை விடுவதில்லை என்று. மேலதிகாரியோ, “பகைத்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டு அலுவலகத்தை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டால் நகரத்துக்குத்தானே நட்டம்?” என்றார். சரி, பகைக்கவில்லை. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று சொல்ல ஒரு சமயம் வாய்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

எங்கள் கோவில் தீமிதி நெருங்கியபோது அவரே கூப்பிட்டார். அக்கம்பக்கத்தாரோடு நல்லுறவு வேண்டுமாம். திருவிழாவில் அவர்கள் அலுவலகமும் பங்கெடுக்க வழி உண்டா என்றார்.

“கரகம் ஆற்றிலிருந்து வரும்போது, அழைக்கிற வீட்டுக்குள் வரும்” என்றேன். “ஆனால் வந்த வாசலால் திரும்பாது. பின்பக்கம் ஒரு வாசல் வேண்டும். அம்மன் போன வாசலை அப்புறம் அடைக்கவும் கூடாது.”

“அது உங்கள் வழக்கமா?”

“ஆமாம்.”

ஒரு கிழவியின் முழங்காலுக்குக் கிடைத்தது ஒரு கோப்பைத் தேநீர்தான். வழக்கம் என்றதும் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள், பயபக்தியோடு தலையாட்டினார்கள், திருவிழாவுக்கு முன்பே மதிலை இடித்து வாசல் வைத்தார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கியதில் வயிறு வலித்தது.

பூசாரி மாமாவிடம் மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். வெற்றிலையை மென்றபடி, “ஆத்தா கூப்புட்ட எடத்துக்கு வருவா. எவனாச்சும் கேட்டா நா ஆமான்னுவேன், போ” என்றார்.

அன்று கரகம் வந்தது. மேளச் சத்தத்தில் அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. எல்லோரையும் போல அவரும் செருப்பில்லாமல், நெற்றியில் மஞ்சளோடு, படம் எடுப்பவர் பின்தொடர, கரகத்தை ஒட்டியே நடந்து புது வாசல் வழியாக எங்கள் சந்துக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. கரகம் அடுத்த வீட்டுக்குப் போனதும், உள்ளே போகத் திரும்பினார். நான் வாசலில் நின்றேன்.

“மன்னிக்க வேண்டும். கரகத்தோடு வெளியே வந்தவர்கள் அதே வாசலால் உள்ளே போகக்கூடாது. வழக்கம்.”

அவர் தன் வெறுங்காலைப் பார்த்தார். குன்றைச் சுற்றிப் போகும் சரளைக்கல் ரோட்டைப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது.

“வேறு வழி?”

அவர் காட்டிய அதே புன்னகையை, ஒரு இழை குறையாமல் காட்டினேன்.

“கொஞ்சம் சுற்றி நடந்தால் உடம்புக்கு நல்லது.”

அவருக்கு நினைவு வந்துவிட்டது. கழுத்து சிவந்ததை நான் கண்ணாரக் கண்டேன். ஆனால் படம் எடுப்பவர் அருகில் நிற்கிறார், சந்து நிறைய ஜனம் நிற்கிறது. என்ன செய்வார்? ஒரு கல்லில் கால் வைத்து, அடுத்த கல்லில் முகம் சுளித்து, நடக்கத் தொடங்கினார்.

அதுவரை எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த அம்மா, தடியை ஊன்றி எழுந்து வந்தாள்.

“இது எந்த ஊரு வழக்கம்டி?”

“நம்ம ஊர்தாம்மா. இன்னைலேர்ந்து.”

அம்மா சிரிக்கவில்லை. ரோட்டில் தத்தித் தத்திப் போகிறவரை, அவர் வளைவில் திரும்பும் வரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு புது வாசலைத் தாண்டி, தோட்டத்தின் ஓரமாக, பஸ் ரோட்டுக்கு நேராக நடந்தாள்.