அப்பாவுக்குக் கிடைத்த கட்டில்

என் அப்பா கண்டி மாநகரசபையில் கிளாக்கர், தொழிற்சங்கச் செயலாளரும்கூட. காசுக்கு வைத்தியம் விற்பது பாவம் என்பார். பாவ புண்ணியத்தில் நம்பிக்கை இல்லாத அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும்தான். அரசாங்க டாக்டர்கள் தனியாக நோயாளி பார்ப்பதை ஒரு ஆட்சி தடை செய்தபோது எங்கள் வீட்டில் பாயாசம் வைத்தார்களாம். அடுத்து வந்த ஆட்சி அதை மறுபடி அனுமதித்தபோது அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அது எனக்கே நினைவிருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒபரேஷனுக்குப் பெயர் பதிந்துகொண்டு, கடிதம் வரும், வந்ததும் வாருங்கள் என்றார்கள். மாதங்கள் போயின. வீட்டுக்கு ஏறிவரும் படிகளில் அப்பா நாலைந்து இடத்தில் உட்கார்ந்துதான் வருவார்.

அம்மாவின் தம்பி, துணிக்கடை மாமா, அதை மறுபடி அனுமதித்த கட்சிக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "மச்சான், பிரைவேட்ல நாளைக்கே கட்டில் இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றார்.

"காசில்லாதவன் எங்க போவான்?" என்று அப்பா கேட்டார்.

"அவனப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப நீங்க நிக்க முடியாம நிக்கிறீங்க."

"வரிசையில நிக்கிறேன். என் முறை வரும்."

அம்மா இருவருக்கும் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு என்று சொல்லி அம்மா என்னைக் கூட்டிப்போனார். கோயில் என்றால் அப்பா மேற்கொண்டு கேட்கமாட்டார். நாங்கள் போனதோ ஒரு மாடிக் கட்டடத்துக்கு. பணம் கட்டி டாக்டரைத் தனியாகப் பார்ப்பதை எங்கள் ஊரில் சனல் பண்ணுவது என்பார்கள். அப்பாவின் பெயரைப் பதிந்திருந்த அதே அரசாங்க டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், பின்னேரங்களில் அங்கே இருந்தார். அம்மா அப்பாவின் கிளினிக் துண்டுச்சீட்டை நீட்டிப் பேசினார், பாதியில் அழுதுவிட்டார். டாக்டர் என்னிடம் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். பிறகு அம்மாவிடம், "ஓம், நான் பாக்கிறன்" என்றார்.

திரும்பும்போது கோயிலுக்கும் போனோம். "பொய் சொன்னதா ஆயிடக் கூடாதுல்ல" என்று அம்மா எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. அப்பா அதை மாமாவின் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினார். "பாத்தீங்களா? சிபாரிசு இல்ல, காசு இல்ல. இதுதான் நம்ம ஆஸ்பத்திரி." டாக்டரைப் பார்க்க நம்பர் எடுத்துக் கொடுத்ததே மாமாதான். அவர் ஒன்றும் தெரியாதவர்போல் தலையாட்டினார்.

திங்கட்கிழமை ஒபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் நானும் அம்மாவும் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தோம். பக்கத்துக் கட்டிலில் கலஹா தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் கண்மூடிக் கிடந்தார். அவருக்கும் குடலிறக்கம்தான். கொழுந்து மூட்டை தூக்கும்போது குடல் நெரிந்து, தோட்டத்து லொறியில் கொண்டுவந்து அவசரமாக வயிற்றைக் கிழித்திருந்தார்கள். உயிர் தப்பியதே பெரிது என்றார்கள்.

"திங்கக்கிழமைதான் ஒபரேஷன்னு சொல்லியிருந்தாங்கய்யா. அப்புறம் தள்ளிப் போட்டுட்டாங்க" என்றார் அவருடைய மனைவி.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெப்படித் தள்ளிப் போடுவாங்க? நான் மனு எழுதித் தாறேன்" என்று என் பள்ளிக்கூடக் கொப்பியையும் பென்சிலையும் வாங்கி, படுத்தபடியே எழுதத் தொடங்கினார்.

அப்போது டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். "அம்மாவோட என்னட்டச் சனலுக்கு வந்த பிள்ளையெல்லோ? அப்பாக்குச் சுகம். இப்ப சந்தோசமோ?"

அவ்வளவு பெரிய டாக்டர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாங்க டாக்டர்" என்றேன், வார்டுக்கே கேட்கும்படி.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து போர்வையைச் சரிசெய்தார். டாக்டர் அடுத்த வார்டுக்குப் போனார்.

"எழுதிட்டீங்களாய்யா?" என்று கலஹாக்காரரின் மனைவி கேட்டார்.

அப்பா கொப்பியை மூடி என்னிடம் தந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. தையல் வலிக்கிறது என்று நினைத்து நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.