மலைக்கென்று வாங்கிய பிஸ்டன்

அக்காள் புருஷனும் நானும் சேர்ந்து ஒரு பழைய லாரி வைத்திருந்தோம். வடகரையில் நெல் ஏற்றி, செங்கோட்டை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் இறக்குவோம். ஏற்றத்தில் அது நின்று நின்றுதான் போகும். கடைசியில் மேலகரம் ஷெட்டில் இஞ்சினைப் பிரித்தேன்.

கம்பெனி போட்டிருந்த மாதிரி வார்ப்பிரும்புப் பிஸ்டனே போதும் என்றார் அத்தான். நானோ மதுரையில் ஒரு கடையில் அலுமினியப் பிஸ்டன் வாங்கி வந்துவிட்டேன். தலை மேடாக இருக்கும், இழுவை கூடும்.

“ஏலே மாப்ளே, இஞ்சின் செஞ்சவன் முட்டாப்பயலா?”

“அவனா வந்து நம்ம ஏத்தத்துல தள்ளுதான்? நாமல்லாவே தள்ளுதோம்.”

“இது பிஸ்டன் மாதிரியா இருக்கு? ஈயச் சொம்பு மாதிரில்லா இருக்கு.”

கையிலிருந்த பழைய பிஸ்டனை வீசினேன். அவர் காதை உரசிச் சுவரைப் பெயர்த்தது. பாய்ந்து என் கழுத்தை நெரித்தார். மூக்கில் குத்தினேன். ஆயிலில் புரண்டு அடித்துக்கொண்டோம். ஆனாலும் அலுமினியத்தைத்தான் போட்டேன்.

அலுமினியம் சூட்டில் பூரிக்கும். முதல் சில நூறு மைல் சுமையில்லாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். ஆனால் வேலை முடிந்த லாரியை எங்கள் பக்கம் வெறுமனே வெளியே எடுக்கமாட்டார்கள். சாத்திரத்துக்கு இரண்டு மூட்டை நெல் ஏற்றுவார்கள். அத்தான் இரண்டு மூட்டை வைத்தார்.

“இதுக்கே மூச்சு வாங்குமோ என்னமோ,” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகவே லாரி நிறைய மூட்டை ஏற்றினேன். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து நேரே மலைக்கு விட்டேன்.

பாதி ஏற்றம் வரை பறந்தது. பிறகு கிறீச்சென்று இஞ்சின் இறுகி நின்றது. பதறிக் கிளச்சை மிதித்தேன். பிரேக் தாங்காமல் லாரி பின்னால் உருண்டது. அத்தான் குதித்தோடிப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகினார். வண்டி நின்றது. கட்டையோடு அவருடைய வலது கையும் உள்ளே இருந்தது.

ஜாக்கி வைத்துத்தான் கையை எடுத்தேன். மூன்று விரல் கூழாகியிருந்தது. அவர் இடது கையால் ஸ்டார்ட்டிங் கம்பியை எடுத்து என் வாயில் அடித்தார். இரண்டு பல் ரோட்டில் விழுந்தது. மறுபடி ஓங்கினார். நான் விலகவில்லை.

“பிஸ்டன் நல்லதுதாம்லே,” என்றார். “நீதான் ஆவாத பய.”

கை ஆறியதும் அவரே மதுரைக்குப் போய் அதே அலுமினியப் பிஸ்டனை வாங்கி வந்தார். என்னைப் பூட்ட விட்டார். ஓட்ட விடவில்லை.