தார் மணக்கும் பரோலோ

ஹரோவில் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசை. அவள் கணவர் ஊற்றிய பரோலோ வைனில் ரோஜா மணத்தது, அதற்கடியில் தார்.

"நெபியோலோ எண்ட திராட்சை, மாமா. டொல்செட்டோ, பார்பேரா எண்ட மற்ற இனமெல்லாம் வெட்டின பிறகும் இதைக் கொடியிலயே விட்டுவைப்பினம்" என்று அப்பாவிடம் சொன்னார்.

தார். எங்கள் ஊர் உரும்பிராயில் கறையானுக்குப் பயந்து திராட்சைப் பந்தல் கால்களுக்கு அப்பா பூசிய தார். வெயில் ஏறினால் அது உருகி, குலைகளின் புளிப்போடு வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.

இராணுவம் நெருங்கி, ஊரே வெளிக்கிட்ட மழைநாளில் குலைகள் இன்னும் பச்சை. "ரெண்டு கிழமை பொறுத்தா நிறம் பிடிச்சிடும். நீ நிண்டு வெட்டிப்போட்டு வா" என்றார் அப்பா, அண்ணனிடம்.

"பிள்ளையைவிடப் பழமோ பெரிசு?" அம்மா கத்தினார்.

அண்ணன் சிரித்தான். "நீங்கள் போங்கோம்மா. வௌவாலுக்கும் துணை வேணுமெல்லோ?"

அவன் வரவில்லை. எங்கே போனான் என்று சொல்லவும் எவரும் வரவில்லை.

அப்பா ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடித் திறந்தார். "ஓம். பொறுத்து வெட்டினாத்தான் ருசி."

அம்மா தன் கிளாஸை எடுத்துப்போய்க் குசினித் தொட்டியில் ஊற்றினார். தார் மணம் போகும்வரை தண்ணீரைத் திறந்தபடியே நின்றார்.