கை திரும்பியது இரண்டாம் டெர்மினலுக்கு

1. மஞ்சள் வெஸ்ட்

இருபது வருடத்துக்கு மேலாக ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு பஸ் ஓட்டுகிறேன். காலையில் போவேன், மாலையில் திரும்புவேன். இத்தனை வருடத்தில் ஒரு பயணியைக்கூடத் தவறான இடத்தில் இறக்கிவிட்டதில்லை என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்ட நாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த விமான நிலையத்தில் இரண்டு டெர்மினல்கள். எங்கள் பயணிகளில் பாதிப் பேருக்கு மேல் ஒரே விமான நிறுவனத்தில் போகிறவர்கள். அந்த நிறுவனம் இரண்டாம் டெர்மினலில் இருந்தது. அதனால் பஸ் முதலில் இரண்டாம் டெர்மினலுக்குப் போகும். கூட்டத்தை அங்கே இறக்கிவிட்டு, மிச்சம் இருப்பவர்களோடு ஒன்றாம் டெர்மினலுக்குப் போய் ரூட் முடியும். இரண்டு முதலில், ஒன்று கடைசியில். பல வருடம் இப்படியே ஓட்டியதில் அது எனக்குத் தலைகீழாகத் தெரியவே இல்லை.

பிறகு அந்த நிறுவனம் ஒன்றாம் டெர்மினலுக்கு மாறப்போவதாக அறிவித்தது. எங்கள் முதலாளி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் சீனர். அவருடைய அப்பா செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். அதனால் தமிழ் எங்களைப் போலவே பேசுவார். நாங்கள் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்.

“சேகர், இனிமே டெர்மினல் ஒன்னு மொதல்ல, ரெண்டு அப்புறம். நீதான் சீனியர். மத்த டிரைவருக்கெல்லாம் நீதான் சொல்லிக் குடுக்கணும்லா.”

“சொல்லிக் குடுக்க என்னா இருக்கு தவுக்கே? ஒன்னுக்கு அப்புறம் ரெண்டு. சின்னப் புள்ளைக்கே தெரியும்.”

“அதான் பயமா இருக்கு,” என்றார் அவர். “ரொம்ப சுலுவா இருக்கு.”

எனக்கு ‘டெர்மினல் கோர்டினேட்டர்’ என்று ஒரு பதவி கிடைத்தது. சம்பளம் கூடவில்லை. முதுகில் அந்தப் பெயர் அச்சடித்த ஒரு மஞ்சள் வெஸ்ட் கிடைத்தது. ஏழு டிரைவர்களை உட்காரவைத்து, வெள்ளைப் பலகையில் படம் போட்டு வகுப்பு எடுத்தேன். எந்த இடத்தில் இடது பக்கம் ஒதுங்குவது, எந்தப் பலகையைப் பார்ப்பது, மைக்கில் என்ன சொல்வது, எல்லாம் சொன்னேன். “முதல் நிறுத்தம், டெர்மினல் ஒன்று” என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எல்லோரையும் சொல்லிப் பார்க்கவைத்தேன்.

ஒருவன் கேட்டான்: “அண்ணே, பழக்கத்துல பழைய பக்கமே திரும்பிட்டா?”

“பழக்கத்துல ஓட்டுறவனுக்கு இந்தக் கம்பெனியில வேலை இல்ல மச்சான்,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பதிலில் எனக்கே ஒரு திருப்தி இருந்தது.

2. முதல் நாள்

நிறுவனம் மாறிய நாளன்று காலை ஏழு மணி பஸ் என்னுடையது. முன் சீட்டில் பாக்கியம் என்ற பெண்மணி உட்கார்ந்திருந்தார். செமோரில் இருக்கிறார், கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. மகன் கூச்சிங்கில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருந்தான். மறுநாள் காலை பட்டமளிப்பு விழா.

“மகனோட கொன்வோண்ணே. எங்க வீட்டுல யுனிவர்சிட்டி போன மொத ஆளு அவன்தான்,” என்று வண்டி கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டார். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் டிக்கெட் தாள், அடையாள அட்டை, மகன் கையால் எழுதி அனுப்பியதைப் பக்கத்து வீட்டில் பிரிண்ட் எடுத்த ஒரு தாள். எந்த டெர்மினல், எத்தனையாவது மாடி, எந்த வரிசை என்று அதில் எல்லாம் இருந்தது. வழி நெடுக அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார்.

அவருக்குப் பின்னால் ஹாஜா அண்ணன். ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். கூச்சிங்கில் இன்னொரு கடை திறந்திருந்ததால் அடிக்கடி பறப்பார். அன்று அவருக்கும் அதே விமானம். பாக்கியம் அக்காவின் தாளை எட்டிப் பார்த்து, “கவலப்படாத தங்கச்சி, என் பின்னாடியே வா. நான் மாசம் மூணு தரம் போறவன்,” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ரவாங்கைத் தாண்டுவதற்குள் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஜேம். கூச்சிங் விமானத்துக்கு பேக் போடும் கவுண்டர் பதினொன்று ஐம்பதுக்கு மூடிவிடும். ஹைவேயில் விட்ட நேரத்தை எப்படிப் பிடிப்பது என்ற ஒரே யோசனையில் ஓட்டினேன். விமான நிலையச் சாலைக்குள் நுழையும்போது மணி பதினொன்று.

சாலை பிரிகிற இடத்துக்கு வந்தேன். வலது கை ஸ்டேரிங்கைத் திருப்பியது. இடது கை மைக்கை எடுத்தது. நிறுத்தியதும் கணீரென்று சொன்னேன்: “முதல் நிறுத்தம், டெர்மினல் ஒன்று. இறங்கறவங்க சாமானைச் சரி பார்த்து எடுத்துக்குங்க.”

நான் நின்றது இரண்டாம் டெர்மினல் வாசலில்.

கை பழைய பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது, வாய் புதிய சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டது. இரண்டும் அதனதன் வேலையைச் சரியாகத்தான் செய்தன. நடுவில் நான் ஒருவன் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்பது பேர் இறங்கினார்கள். ஹாஜா அண்ணன் முதல் ஆளாகப் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒன்றாம் டெர்மினலுக்குப் போகிறவர்களில் பாக்கியம் அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

“அக்கா, இறங்குங்க. நேரமாச்சு.”

“அண்ணே, இது ஒன்னாம் டெர்மினலா?”

“சொன்னேன்லா மைக்ல?”

“மகன் எழுதுனதுல வேற மாதிரி இருக்குண்ணே.”

“அக்கா, நான் இருவது வருஷமா இங்கதான் வாரேன். நீங்க எத்தன தரம் வந்திருக்கீங்க?”

இதைச் சொன்னவன் நான்தான். வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் பிளாஸ்டிக் உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் சொன்னார்: “அந்தத் தூண்ல என்னா நம்பர் போட்டிருக்குன்னு ஒரு தரம் பாருங்கண்ணே. கோவிச்சுக்காதீங்க.”

அவரைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் திரும்பிப் பார்த்தேன். தூணில் என் உயரத்துக்கு ஒரு இரண்டு.

பஸ்ஸுக்குள் திரும்பினேன். மிச்சம் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் இரண்டாம் டெர்மினலுக்குப் போக வேண்டியவர்கள். நான் ஒன்று என்று சொன்னதால் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அதாவது இங்கே இறங்க வேண்டியவர்கள் எல்லாம் பஸ்ஸில் இருந்தார்கள், பஸ்ஸில் இருக்க வேண்டியவர்கள் எல்லாம் இறங்கிப் போயிருந்தார்கள். சரியான சீட்டில் சரியாக உட்கார்ந்திருந்தவர் அந்த அக்கா ஒருவர்தான்.

“எல்லாரும் இறங்குங்க. இதுதான் டெர்மினல் ரெண்டு,” என்றேன்.

“நீங்கதானே ஒன்னுன்னு சொன்னீங்க?”

“இப்ப ரெண்டுன்னு சொல்றேன்.”

அவர்களை இறக்கிவிட்டு உள்ளே ஓடினேன். இத்தனை வருடமாக விமான நிலையத்துக்கு வருகிறேன் என்று பெருமை பேசினேனே, அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனது அதுதான் முதல் தடவை. நான் விமானத்தில் ஏறியதில்லை. யாரையும் வழியனுப்பியதும் இல்லை. வாசல்வரைக்கும்தான் எனக்கு விமான நிலையம்.

“ஈப்போ பஸ்! ஈப்போ பஸ்!” என்று மீன் விற்பது போல் கத்திக்கொண்டே ஓடினேன். எட்டுப் பேர் ஒரே இடத்தில் முழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு ஹாஜா அண்ணனைத் தேடினேன். கடைசி வரிசையில் இருந்தார். திரை எல்லாம் அணைந்து, ஆளே இல்லாத ஒரு கவுண்டருக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

“இன்னிக்கிக் கூட்டமே இல்ல சேகர்,” என்றார் சந்தோஷமாக.

“அண்ணே, கம்பெனியே இல்ல. ஒன்னுக்கு மாறிட்டாங்க.”

“யாரு சொன்னா? நான் மாசம் மூணு தரம் இங்கதான் நிக்கிறேன்.”

அவருடைய பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். பெட்டி போனால் மனிதர் பின்னால் வருவார் என்பது பஸ் தொழிலில் நான் கற்றுக்கொண்ட விஷயம். வந்தார்.

3. பதினொன்று ஐம்பது

ஒன்றாம் டெர்மினல் வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி பதினொன்று நாற்பத்திரண்டு. மற்றவர்களுடைய விமானங்கள் பிந்தித்தான். அவசரம் ஹாஜா அண்ணனுக்கும் பாக்கியம் அக்காவுக்கும்தான். ஹாஜா அண்ணனிடம் கைப்பெட்டி மட்டும், அவசரம் என்றால் கவுண்டருக்குப் போகாமலே உள்ளே போய்விடலாம். அக்காவிடம் ஒரு பெரிய பேக் இருந்தது. அதைக் கவுண்டரில் போட்டே ஆக வேண்டும். மகனுக்குச் சுட்ட முறுக்கும் அதிரசமும் அதில்தான். மறுநாள் உடுத்த வேண்டிய பட்டுச் சேலையும் அதில்தான்.

பேக்கை நான் தூக்கிக்கொண்டேன். பஸ்ஸை அங்கே விடக்கூடாது என்று ஒரு காவலர் விசில் ஊதினார். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். இருபதடி ஓடியதும் நின்றுவிட்டேன். எந்தப் பக்கம் போவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்ட காகிதங்கள் அங்கங்கே ஒட்டியிருந்தன. அம்புக்குறிகள் நாலு பக்கமும் காட்டின. புதுச் சட்டை போட்ட ஊழியர் ஒருவரைக் கேட்டால், அவரும் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“மேலண்ணே! அஞ்சாவது மாடி. லிப்ட் அந்தப் பக்கம். இறங்குனதும் வலது கைப்பக்கம், கடேசி வரிசை,” என்றார் அக்கா. தாளைப் பார்க்கக்கூட இல்லை. மனப்பாடமாகிவிட்டிருந்தது.

அவர் முன்னால் ஓடினார். கோர்டினேட்டராகிய நான் பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். லிப்ட்டில் ஏறினோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். சாமியா, வரிசை நம்பரா, தெரியவில்லை. அந்தக் கண்கள் மூடியிருந்தது எனக்கு உதவியாக இருந்தது. இந்த அம்மாள் நாளைக் காலை மகன் மேடையேறும்போது அங்கே இல்லையென்றால் அதற்கு ஜேம் காரணம் இல்லை, லாரி காரணம் இல்லை, நான்தான் காரணம். மகன் திரும்பவும் ஒரு தடவை பட்டம் வாங்க மாட்டான்.

கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண் கயிறு கட்டி மூடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைக் கொட்டி, “செப்பாட், காக்! செப்பாட்!” என்று அவசரப்படுத்தினாள். பேக் பெல்ட்டில் ஏறியது. அது உள்ளே போய் மறையும்வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“வாரேண்ணே,” என்று சொல்லிவிட்டு அக்கா ஓடினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டார்.

4. சான்றிதழ்

ஹாஜா அண்ணனும் விமானத்தைப் பிடித்துவிட்டார். கூச்சிங்கில் இறங்கியதும் எங்கள் கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் எழுதினார். விமான நிறுவனம் இடம் மாறியதில் பயணிகள் எல்லாம் குழம்பிப்போயிருந்தார்களாம். டிரைவர் சேகர் டெர்மினலுக்குள்ளேயே ஓடிவந்து ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சரியான இடத்தில் சேர்த்தாராம். இப்படிப்பட்ட டிரைவரை இந்தக் காலத்தில் பார்க்க முடியாதாம். நான் மைக்கில் ஒன்றாம் டெர்மினல் என்று சொன்னபோது அவர் அரைத் தூக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கில் லைக். மறுநாள் தவுக்கே ஒரு சான்றிதழோடு காத்திருந்தார். ‘சிறந்த சேவை’ என்று தங்க எழுத்து. வெஸ்ட்டைப் போடச் சொல்லி ஒரு படம் எடுத்தார்கள். ஏழு டிரைவர்களும் கை தட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறக்க நேரம் கொடுக்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நிறைய நேரம் இருந்தது.

நாலு நாள் கழித்து மாலை டிரிப்பில் பாக்கியம் அக்கா ஏறினார். அதே முன் சீட். கைத்தொலைபேசியில் படம் காட்டினார். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக மகன், பக்கத்தில் பட்டுச் சேலையில் அக்கா. எனக்கென்று ஒரு சின்னப் பொட்டலம் அதிரசம் எடுத்து வைத்திருந்தார். என் மேல் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தஞ்சோங் மாலிம் தாண்டியதும் அவராகவே சொன்னார்.

“அன்னிக்கி நீங்க கேட்டீங்களே, எத்தன தரம் வந்திருக்கீங்கன்னு. இறங்கிடலாம்னுதாண்ணே நெனச்சேன். எல்லாம் தெரிஞ்ச மனுஷன் சொல்றாரு, நாம என்னா கண்டோம்னு. எழுந்திருக்கக்கூடப் பாத்தேன். காலு மரத்துப்போச்சு, அதான் உடனே எழுந்திருக்க முடியல. அந்த நேரத்துலதான் தூணு கண்ணுல பட்டுச்சு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன், பிறகு சாலையைப் பார்த்தேன். அவருக்குக் கால் மரத்துப்போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஈப்போ வரும்வரை யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

“தப்பு என்னுதுதாங்க்கா. மன்னிச்சிருங்க,” என்றேன், அவர் இறங்கும்போது.

“அட, விடுங்கண்ணே,” என்றார். பேக்கை நான் தூக்க வந்ததை மட்டும் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

மறுநாள் தவுக்கேயிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். சான்றிதழ் அங்கே தொங்கியது.

“லேமினேட் பண்ணியாச்சுலா சேகர்,” என்றார்.

“எடுத்துருங்க தவுக்கே.”

“எடுத்தா ஏன் எடுத்தேன்னு எல்லாரும் கேப்பாங்க. பேஸ்புக்ல வேற போட்டாச்சு. இருக்கட்டும். ஆனா மத்த டிரைவர்ட்ட நீயே சொல்லிடு. ஒனக்கே இப்படி ஆச்சுன்னா அவனுங்க பயப்படுவானுங்க. நல்லது.”

சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மறுவாரம் பார்த்தால், இரண்டு பேர் தங்களுக்கும் நிறுவனம் மாறிய வாரம் அப்படித்தான் ஆனது என்று ஒத்துக்கொண்டார்கள்.

நான் படித்துக்கொண்டது இதுதான். புது ஆளுக்கு வழி தெரியாது, அதனால் பலகையைப் படிப்பார். எனக்கு வழி தெரியும், அதனால் படிப்பதை விட்டுவிட்டேன். தவறு செய்ததைக்கூட விடுங்கள். சரியாகப் படித்திருந்த ஒருவரைத் தவறாக இறங்கவைக்கப் பார்த்தேன். அதற்கு என் இருபது வருடத்தைத்தான் பயன்படுத்தினேன்.

இப்போதெல்லாம் விமான நிலையச் சாலை பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, முன் சீட்டில் யார் இருந்தாலும் கேட்கிறேன்: “அந்தப் பலகையில என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க.” கிழட்டு டிரைவருக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் கம்பெனிக்குப் புகார்கூட எழுதினார். எழுதட்டும். அவர்கள் சத்தமாகப் படிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நான் திருப்புகிறேன்.