எதிர்ச் சந்தில் எட்டு மிஷின்

ஊரில் ஒரே லேடீஸ் டெய்லராக இருப்பவனுக்குத் தையல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லத் தெரிந்தால் போதும். எம். புதுப்பட்டியில் நான் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் கடை நடத்தினேன். எதிர்க் கடைக்குக் கூட்டம் போவதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்கு என் கதை புரியும்.

அளவு ரவிக்கை

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த எட்டுப் பெண்கள் மகளிர் குழு சேர்ந்து, தையல் பயிற்சி முடித்து, என் கடைக்கு எதிர்ச் சந்தில் மிஷின் போட்டார்கள். தலைவி மாரியம்மா. வெடிமருந்து அள்ளிய கை ரவிக்கை தைக்குமா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள், வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருவராக வந்து அளவு ரவிக்கையைத் திருப்பிக் கேட்டார்கள். டெய்லரிடம் அதைத் திருப்பிக் கேட்டால் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று அர்த்தம். டீச்சரம்மா மட்டும் புதுத் துணியோடு வந்தார். எனக்கு மனசு குளிர்ந்தது. அவரோ துணியைக் கையை விட்டு இறக்கவே இல்லை.

“அளவு ரவிக்கைய எடுத்துக் குடுங்க அண்ணாச்சி. அங்கன நாலு நாள்ல தாரோம்னு சொல்லியிருக்காக.”

பொங்கலன்று

என் மனைவி செல்வி புது ரவிக்கை போட்டிருந்தாள். கைக்குழியில் ஒரு சுருக்கம் இல்லை. நான் தைத்ததும் இல்லை. சர்க்கரைப் பொங்கலைத் தள்ளி வைத்தேன். கட்டினவளே அங்கே போகலாமா என்று கேட்டேன். அவள் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஒங்ககிட்ட தீவாளிக்குக் குடுத்த துணி இன்னும் மூட்டையிலதான் கெடக்கு.”

பளபள கோட்டு

ஒரு பட்டாசுக் கம்பெனி, உள்ளே வேலை செய்யும் பெண்களுக்கு மேல்கோட்டு தைக்க ஆள் தேடியது. அந்த ஆர்டரும் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மாரியம்மாவை அமுக்க வேண்டும் என்றே பளபளவென்று பாலியஸ்டரில் காலர் வைத்து, இரண்டு பை வைத்து, மாதிரிக் கோட்டு கொண்டுபோனேன். அவர் கொண்டுவந்தது பருத்தி. பை இல்லை, பொத்தானுக்குப் பதில் நாடா. தலையணை உறை மாதிரி இருந்தது. போர்மேன் என்னுடையதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினார். ஏன் என்று கேட்டேன். மாரியம்மா தன் கைத் தழும்பைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார்.

“பாலியஸ்டர் ஒரசினா பொறி வரும் அண்ணாச்சி. பையில மருந்துத் தூசி தங்கும். உள்ள உக்காந்து பாத்தவுகளுக்குத்தான் அது தெரியும்.”

சீசன் லோடு

ஆர்டர் அவர்களுக்கே போனது. ஒரு மாதம் கழித்து மாரியம்மா என் கடை வாசலில் நின்றார். குத்திக்காட்டத்தான் வந்திருக்கிறார் என்று தலையைத் தூக்காமல் இருந்தேன். லோடு அதிகம், துணி வெட்டக் கைதேர்ந்த ஆள் வேண்டும் என்றார். வாய்விட்டுக் கேட்கிறாரே என்று கொஞ்சம் கிராக்கி செய்தேன். குழுவில் சேர்த்துக்கொண்டால் பார்க்கலாம் என்றேன்.

“குழுவுல ஆம்பளைக்கு எடமில்ல அண்ணாச்சி. செல்வியக்கா நேத்தே சேந்துட்டாக, அவுக பேர்ல வந்து வெட்டுங்க.”

எதிர்ச் சந்துக்கே குடிபோய்விட்டால் பொறாமை அடங்கிவிடும் என்று நினைத்தேன். இப்போது நான் வெட்டுவதை அங்கேயே தையல் பழகிய என் மனைவி என்னைவிட நன்றாகத் தைக்கிறாள்.