முதல் நாற்பது வரிகள்

“ஏலே, ஒழுங்கா வரிசையில நில்லு” என்று கம்ப்யூட்டரை அதட்டிக்கொண்டேதான் யோகலட்சுமி விசைகளைத் தட்டுவாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு கம்பெனியில் எண்ணூறு தொழிலாளர்களின் விவரமும் அவள் பொறுப்பு. டீயை ஆறவிட்டு, ஆறிப்போனதற்காக அதையும் திட்டிக்கொண்டே குடிப்பாள்.

போன மாதம் அவள் கோபத்துக்கு உண்மையான காரணம் ஒன்று கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனைக்கு வேன் போகும். நாற்பது பேருக்குத்தான் இடம். அவளுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் கம்ப்யூட்டரில் எழுதிவைத்த கட்டளை, பெயர்களை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கி, முதல் நாற்பதோடு நறுக்கிவிடும். மூன்று வருடமாக அதே நாற்பது பேர்! லேபிள் ஒட்டும் அழகுமீனா மூன்று முறை எக்ஸ்ரே எடுத்துவிட்டாள். பதினெட்டு வருடமாக வெடிமருந்துக் கலவை அறையில் அலுமினியப் பொடியைச் சுவாசிக்கிற வேல்விழி ஒருமுறைகூடப் போனதில்லை.

அந்த வேல்விழிதான் இருமலுக்கு நடுவே வந்து கேட்டாள்: “தாயி, எம் பேர அங்காளம்மானு மாத்தித் தருவீகளா?”

தன் பெயர்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு நிற்கிறாளே என்று யோகலட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொல்லக் கேட்ட எனக்கும் வருகிறது. நோய் என்ன எழுத்துக் கூட்டிப் பார்த்தா வருகிறது?

யோகலட்சுமி போய்க் கேட்டதற்கு, பெயர் வரிசை என்றால் யாரும் குறை சொல்ல முடியாது என்றார் மேனேஜர் ராஜபாண்டியன்.

“ஏ எழுத்துக்காரிகளுக்கு மட்டுந்தான் நுரையீரல் இருக்கா, அண்ணாச்சி?”

அவர் போனை எடுத்துக்கொண்டார். இவள் திரும்பி வந்து கட்டளையிலிருந்து பெயரைத் தூக்கினாள். கலவை அறையில் கழித்த வருடங்களை வைத்து அடுக்கச் சொன்னாள். முதல் தடவை சிறியதிலிருந்து பெரியதாக வந்து, நேற்றுச் சேர்ந்தவர்கள் உச்சியில் நின்றார்கள். “ஏலே, தலகீழால்ல நிக்க” என்று திருப்பிப் போட்டாள். ஆனால் நாற்பது நாற்பதாகவே இருந்தது. அதைக் கூட்டுவது கம்பெனியின் கையில் இருக்கிறது. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

அச்சிட்ட பட்டியலை மேனேஜரிடம் காட்டாமலேயே வாசல் பலகையில் ஒட்டினாள். வேல்விழி வந்தாள். எந்தப் பட்டியலிலும் கடைசியில் கிடந்த பழக்கம். அடிவரியில் விரலை வைத்து மேல்நோக்கித் தேட ஆரம்பித்தாள். பொடி ஏறிச் சாம்பல் பூத்த அந்த விரலை யோகலட்சுமி வெடுக்கென்று பிடித்து, முதல் வரியில் வைத்து, எடுக்கவிடாமல் அழுத்திக்கொண்டு நின்றாள்.